நாற்றத்தைத் தின்று வாழ்கிறவை

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வேலூருக்கு வருகிறவர்களுக்கு வாலாஜா தாண்டியதும் தூக்கம் கலையும். நடத்துநர் குரல் கொடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் ஏறி வந்து தோளைத் தட்டி எழுப்பிவிடும். அழுகிய முட்டை, சுண்ணாம்பு, ஈரத்தோல் மூன்றும் கலந்த ஒன்று. வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். நான் காலடியில் செருப்பைத் தேடுவேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு.

முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்மேல் வீண்பழி போடக்கூடாது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா முப்பத்தொரு வருடம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார், அதில் பெரும்பகுதி சுண்ணாம்புத் தொட்டியில். உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்பும் சல்பைடும் கரைத்த தண்ணீரில் போடுவார்கள். முடி வேரோடு கழன்று வரும். நைனாவின் அப்பா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். நைனா காலத்தில் குரோமியம் வந்து தோல் நீலமாகிவிட்டது. ஆனால் முடி எடுக்கிற சுண்ணாம்புத் தொட்டி மட்டும் மாறவில்லை. சல்பைடு கலந்த அந்தக் கழிவுநீரில் எங்காவது அமிலம் பட்டால் கிளம்புவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. முட்டை நாற்றத்தின் முழுப்பெயர் அது.

அம்மா அவருடைய சட்டையை வீட்டுத் துணியோடு ஊறப்போட மாட்டாள். கிணற்றடியில் தனி வாளி உண்டு. நைனா குளித்து, தலை துவட்டி, சாப்பிட உட்கார்ந்ததும் வலது கையை ஒருமுறை மூக்கருகே கொண்டு போவார். பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு உப்புப் பகுப்பாய்வு செய்முறை இருந்தது. அதற்காகக் கிப் உபகரணத்தில் இரும்பு சல்பைடுத் துண்டுகள்மேல் அமிலத்தை விட்டு வாயு தயாரிப்பார்கள். ஆய்வக உதவியாளர் குழாயைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நைனா எதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார்?

இப்போது அதே பாடத்தை நானே நடத்துகிறேன். இந்தக் கட்டுரை கடலைப் பற்றியது. தொட்டியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேலூரைப் பற்றிப் பழைய வசை ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று போகும். (பெண்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு. அதை நான் சொல்வதாக இல்லை.) 1981-இல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு லிங்கம் திரும்பி வந்ததால் சாமிக் குறை தீர்ந்தது. கடல் இல்லாத குறையைப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றியதே இல்லை. நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில், மாமல்லபுரத்தில். புளிசாதப் பொட்டலத்தை மணலில் தவறவிட்டு அழுததுதான் நன்றாக நினைவிருக்கிறது.

ஆழ்கடல் என் வீட்டுக்குள் வந்தது 2020 ஊரடங்கில். ஆய்வுக் கப்பல்கள் கடலடிக்கு இறக்கும் இயந்திரங்களின் கேமராக் காட்சியை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம் என்று முன்னாள் மாணவி ஒருத்தி சுட்டி அனுப்பியிருந்தாள். மே மாத வேலூரில் ராத்திரி பதினோரு மணிக்கும் தரை கொதிக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, உலகத்தின் மறுபக்கத்தில் இரண்டு டிகிரிக் குளிரில் கிடக்கும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் சேறு. பிறகு ஒரு கடல் அட்டை. மறுபடியும் சேறு. தொலைக்காட்சித் தொடரைவிட எவ்வளவோ மேல். யாரும் யாரையும் அறையவில்லை.

ஆழத்தை எண்ணாகச் சொன்னால் மனதில் தங்குவதில்லை. கடலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். அதைத் தரையில் படுக்கப் போட்டால் கோட்டை வாசலில் கிளம்பிக் காட்பாடி ரயில் நிலையம் வருவதற்குள் தீர்ந்துவிடும். ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். அதையே நிமிர்த்தி வைத்தால் வேறு உலகம். 200 மீட்டருக்குக் கீழே இலை தழைக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடையாது. 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற பேச்சே இல்லை. பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குக் கால் டன் பாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அங்கே இருக்கிறவை ஏன் நசுங்குவதில்லை என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். காற்று இருக்கிற இடம்தான் நசுங்கும். ஊதிக் கட்டிய பாலித்தீன் பையை அமுக்கினால் வெடிக்கும். அதே பையில் தண்ணீரை நிரப்பி ஆழத்துக்கு இறக்கினால் அது பாட்டுக்கு இருக்கும், ஏனென்றால் உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். புழுவுக்கும் அட்டைக்கும் நுரையீரல் கிடையாது. முதுகெலும்பும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்க வேண்டிய அவசியமே அவற்றுக்கு இல்லை.

இனி 1977-க்குப் போகலாம். பிப்ரவரி மாதம், பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆய்வுக் கப்பல் ஒன்று நின்றது. கடலடித் தரை பிளந்து விலகும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்க வேண்டும் என்ற ஊகத்தைச் சோதிக்கப் புவியியலாளர்களும் வேதியியலாளர்களும் வந்திருந்தார்கள். உயிரியலாளர் ஒருவரைக்கூட அழைத்து வரவில்லை. இரண்டரை கிலோமீட்டர் இருட்டில் அவருக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். முதலில் கேமரா பொருத்திய சட்டகம் ஒன்றைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் மட்டும் வெப்பநிலை சற்றுத் துள்ளியது. எடுத்த 3,000 படங்களில் அந்த இடத்தின் 13 படங்களில் மட்டும் வெள்ளைச் சிப்பிகள் குவிந்து கிடந்தன. பிறகு ஆல்வின் என்ற சிறிய நீர்மூழ்கியில் இறங்கிய ஜாக் கார்லிஸ், மேலே கப்பலில் இருந்த தன் மாணவியை அழைத்து, ஆழ்கடல் பாலைவனம் போல இருக்கும் என்றுதானே சொல்வார்கள் என்று கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. இங்கே இத்தனை பிராணிகள் இருக்கின்றனவே என்றார் அவர்.

பிடித்த பிராணிகளைக் கெடாமல் வைக்கக் கப்பலில் போதிய மருந்து இல்லை. பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்கள். அறிவியல் வரலாற்றில் வோட்கா இவ்வளவு உருப்படியாகச் செலவானதில்லை என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த இடம் இதுவல்ல. கீழிருந்து கொண்டு வந்த தண்ணீர் மாதிரியைக் கப்பல் ஆய்வகத்தில் திறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. அவசர அவசரமாக ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள்.

அதைப் படித்த இரவு நான் மொட்டை மாடியில் தனியாக இருந்தேன். இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

கடல்நீர் தரைப் பிளவுக்குள் இறங்கி, கீழே கொதிக்கும் பாறையைத் தொட்டு, அங்கிருந்த உலோகங்களையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. கலாபகஸில் பார்த்தவை வெதுவெதுப்பானவை. இரண்டு வருடம் கழித்து, 1979-இல், மெக்சிகோவை ஒட்டிய கடலில் 350 டிகிரிக்கு மேல் சுடும் ஊற்றுகளைக் கண்டார்கள். அழுத்தம் மூடி போட்டு வைத்திருப்பதால் அந்தச் சூட்டிலும் தண்ணீர் கொதித்து ஆவியாவதில்லை. வெளியே வந்து குளிர்ந்த நீரில் பட்டதும் உலோக சல்பைடுகள் கரும்புகையாகத் திரண்டு எழும். செங்கல் சூளைப் புகைபோக்கியைக் கடலுக்குள் நட்டுவைத்தது போல இருக்கும்.

இந்த ஊற்றுகளைச் சுற்றித்தான் ரிஃப்டியா என்ற குழாய்ப் புழு கூட்டம் கூட்டமாக நிற்கிறது. இரண்டு மீட்டர் உயரம் வரை வளரும். வெள்ளைக் குழாய், நுனியில் ரத்தச் சிவப்பில் ஒரு கொண்டை. சிவப்புக்குக் காரணம், நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின். இந்தப் புழுவுக்கு வாய் இல்லை, இரைப்பை இல்லை, குடல் இல்லை. குஞ்சுப் பருவத்தில் சின்னதாக ஒரு வாயும் குடலும் இருக்கும். சில பாக்டீரியாக்கள் தோல் வழியாக உள்ளே புகுந்து குடியேறிய பிறகு அந்த வாயும் குடலும் மறைந்துவிடும். தோலைத் துளைத்து வருவது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பாக்டீரியா விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவி. 1980-இல் ஹார்வர்டில் மெரிடித் ஜோன்ஸ் இந்தப் புழுவைப் பற்றிப் பேசும்போது, உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கோலீன் கேவனா எழுந்து, அப்படியானால் உள்ளே கந்தகத்தை எரித்து உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்றார். மறு வருடம் நிரூபித்தும் காட்டினார். புழு ஹைட்ரஜன் சல்பைடையும் ஆக்சிஜனையும் கொண்டையால் உறிஞ்சி உள்ளே அனுப்புகிறது. பாக்டீரியா அதைக் கொண்டு சமைக்கிறது. இருவரும் சாப்பிடுகிறார்கள். இலைகள் சூரிய வெளிச்சத்தில் செய்யும் வேலையை இங்கே முட்டை நாற்றத்தை வைத்து முடித்துக்கொள்கிறார்கள்.

இதில் எவ்வளவு பெரிய வித்தை இருக்கிறது என்பது வேதியியல் வாத்தியாருக்குத்தான் முழுதாக உறைக்கும். ஹைட்ரஜன் சல்பைடு நம் உடலுக்குள் போனால், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியை முடக்கிவிடும். சயனைடு செய்யும் அதே வேலை. அதில் ஒரு வஞ்சகமும் உண்டு. கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவர் இறங்குவார். அவர் விழுந்ததைப் பார்த்து அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் தெருவில் ஒரே நாளில் இரண்டு வீடுகளின் முன்னால் பந்தல் போட்டார்கள். அன்றைக்கு நைனா சாப்பிட உட்காரவில்லை.

புழு என்ன செய்கிறது? அதன் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனுக்கு ஓர் இருக்கை, சல்பைடுக்கு வேறோர் இருக்கை. ஒரே லாரியில் பெட்ரோலையும் தீப்பெட்டியையும் தனித்தனியே பூட்டி ஏற்றிக்கொண்டு போவது போல இரண்டையும் தன் உடலுக்குத் தெரியாமல் கடத்திக்கொண்டு போய்ச் சமையலறையில் இறக்குகிறது. வழியில் ஒரு சொட்டுச் சிந்தினால் சாவு. சிந்துவதில்லை. இந்தப் புழு வருடத்துக்கு 85 சென்டிமீட்டருக்கு மேல்கூட வளர்ந்துவிடும். ஊற்று எப்போது வற்றும் என்று தெரியாத இடத்தில் நிதானமாக வளர முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு புழுக்கள், குளிர்ந்த தரையில் மெல்லக் கசியும் வாயுவை நம்பி வாழ்பவை, 250 வருடங்களுக்கு மேல் உயிரோடு இருக்கின்றன. நிரந்தர வேலை கிடைத்தவனுக்கும் தினக்கூலிக்காரனுக்கும் உள்ள வித்தியாசம்.

ஊற்றுகள் இல்லாத மீதிக் கடலடி மேலிருந்து விழுவதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறது. இறந்த நுண்ணுயிர்கள், கழிவு, சளி, கூடு, எல்லாம் துகள் துகளாக இறங்கிக்கொண்டே இருக்கும். கடல் பனி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடிக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. நானும் நின்றேன். மரக்கிளை, பிளாஸ்டிக், செத்த ஆடு, நுரை எல்லாம் வயலூர் முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இதில் ஒரு சிட்டிகையாவது எங்கோ ஓர் அட்டையின் இலையில் விழும் என்று நினைத்துக்கொண்டேன். மன்னார் வளைகுடாக் கடல் அட்டையை எல்லாருக்கும் தெரியும், பிடித்தால் வழக்குப் போடுவார்கள். அதன் ஆழ்கடல் உறவினர் ஒன்றுக்குக் கடல் பன்றி என்று செல்லப்பெயர். இளஞ்சிவப்பு உடம்பு, தண்ணீர் நிரம்பிய குட்டைக் கால்கள். கூட்டமாகச் சேற்றில் நடந்துகொண்டே சேற்றைத் தின்று சலிக்கும். படத்தைக் காட்டினால் வகுப்பு கால் மணி நேரத்துக்கு அடங்காது.

கடல் பனியை நம்பி வாழும் இன்னொன்று, பெயரால் கெட்டுப்போனது. 1903-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் சுன் அதற்கு வைத்த பெயரின் பொருள், நரகத்தின் ரத்தக்காட்டேரிக் கணவாய். கறுஞ்சிவப்பு உடம்பு, கைகளுக்கு இடையே குடைத்துணி போன்ற சவ்வு, பெரிய நீலக் கண்கள். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, 2012-இல்தான் அது என்ன சாப்பிடுகிறது என்பது வெளிவந்தது. நூல் போன்ற இழை ஒன்றை நீட்டிவிட்டு, அதில் ஒட்டும் தூசியைச் சளியில் உருட்டி உருண்டையாக்கி விழுங்குகிறது. ரத்தமும் இல்லை, வேட்டையும் இல்லை. ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரில், எதிரிகள் வரத் தயங்கும் மட்டத்தில் மிதந்துகொண்டு குப்பை பொறுக்கி வாழும் சாது. எங்கள் ஊரில் கருப்பாக, மீசையோடு இருப்பவரைப் பார்த்து ரவுடி என்று முடிவு கட்டுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆக்டோபஸ் கதையைச் சொல்லாமல் போனால் என் மாணவிகள் கோபித்துக்கொள்வார்கள். கலிஃபோர்னியாவை ஒட்டிய மான்டெரே கடல் பள்ளத்தாக்கில், 1,400 மீட்டர் ஆழத்தில், 2007 மே மாதம் ஒரு பெண் ஆக்டோபஸ் பாறையில் முட்டையிட்டு அவற்றின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. உடம்பில் இருந்த தழும்புகளை வைத்து அடையாளம் தெரிந்தது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள், மொத்தம் 18 முறை. ஒவ்வொரு முறையும் அதே பாறை, அதே தாய். பக்கத்தில் நண்டு ஊர்ந்து போனால் தள்ளிவிடும், தின்னாது. இயந்திரக் கையால் நண்டுத் துண்டை நீட்டினார்கள், அதையும் தொடவில்லை. தோல் வெளுத்து, தொங்கி, கண் மங்கிக்கொண்டே போனது. 2011 செப்டம்பரில் இருந்தது. அக்டோபரில் போனபோது காலி முட்டைக் கூடுகள் மட்டும் இருந்தன. 53 மாதங்கள். உலகத்தில் வேறு எந்த விலங்கும் இவ்வளவு காலம் அடைகாத்ததாகப் பதிவு இல்லை. அந்தக் காலத்துக்குள் என் மகன் பால்வாடியில் சேர்ந்து இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தான்.

இதைக் கேட்டதும் தாய்மையின் தியாகம் என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டினி கிடந்தால்தான் தாய் என்ற பாடத்தை நம் வீடுகளில் போதுமான அளவுக்கு நடத்தியாகிவிட்டது, கடலுக்கும் போய் நடத்த வேண்டாம். காரணம் குளிர். மூன்று டிகிரியில் கரு மெதுவாகத்தான் வளரும். அதே கடலில் டேவிட்சன் என்ற கடலடி மலைக்குப் பக்கத்தில், 3,200 மீட்டர் ஆழத்தில், பாறை இடுக்குகளில் வெதுவெதுப்பான நீர் கசிகிறது. 2018-இல் போய்ப் பார்த்தபோது ஆயிரக்கணக்கான ஆக்டோபஸ்கள் அந்த இடுக்குகளில் வரிசையாக உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தன. அங்கே இரண்டு வருடத்துக்குள் குஞ்சு பொரிந்துவிடுகிறது. சுடுதண்ணீர் வசதி இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியைத் தேடிப் போயிருக்கின்றன. இதைத்தான் நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வேன்.

எலும்பு தின்னும் புழு ஒன்றும் உண்டு, பெயர் ஓசெடாக்ஸ். 2002-இல் செத்து அடியில் கிடந்த திமிங்கலத்தின் எலும்பில் கண்டுபிடித்தார்கள். இதற்கும் வாய் கிடையாது. வேர் விட்டு, அமிலம் சுரந்து, எலும்பைக் கரைத்து உள்ளிருக்கும் சத்தை எடுக்கும். நாம் பார்ப்பவை எல்லாம் பெண்கள். ஆண்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில், பெண்ணின் குழாய்க்குள்ளேயே கூட்டமாகக் குடியிருப்பார்கள். ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னபோது எழுந்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டாம். ஜப்பானிய மீன் காட்சியகம் ஒன்றில் ஐந்து வருடத்துக்கு மேல் ஒன்றும் தின்னாமல் இருந்த ராட்சத ஐசோபாடு, பூந்தொட்டிக்கு அடியில் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சியின் பெரியப்பா, அதைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். இன்னொரு நாள் பார்க்கலாம். நத்தை காத்திருக்கிறது.

நம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நத்தை அது. 2001-இல் மொரிஷியஸுக்குக் கிழக்கே தொலைவில், கைரெய் என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதியில் கண்டுபிடித்தார்கள். காலைச் சுற்றிலும் ஓட்டின் மேலும் இரும்பு சல்பைடு. உலகத்தில் வேறு எந்தப் பிராணியும் இரும்பு சல்பைடால் உடம்புக்குக் கவசம் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. கிப் உபகரணத்தில் நான் அமிலம் ஊற்றுகிறேனே, ஏறக்குறைய அந்தச் சரக்கு. இதற்கும் பாக்டீரியாதான் சோறு. தொண்டைக்குக் கீழே பெரிய சுரப்பிப் பையில் வைத்து வளர்க்கிறது. அவற்றுக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்க உடம்பின் கொள்ளளவில் நான்கு சதவீதத்துக்கு இதயத்தை வைத்திருக்கிறது. விருந்தாளிக்காக இதயத்தைப் பெரிதாக்கிக்கொண்ட நத்தை.

2019-இல் இந்த நத்தை அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஆழ்கடல் சுரங்க அபாயத்தைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கப்பட்ட முதல் உயிரினம் இதுதான். அப்போது அதன் இருப்பிடங்களாகத் தெரிந்திருந்தவை மூன்று. அவற்றில் இரண்டு, சுரங்க ஆய்வு உரிமம் வழங்கப்பட்ட பகுதிக்குள் இருந்தன. ஊற்றுகள் கக்கும் கரும்புகை படிந்து படிந்து தாமிரமும் துத்தநாகமும் தங்கமும் கலந்த மேடாகிறது. மனிதனுக்கு வேண்டியது அந்த மேடு.

நாமும் வரிசையில் நிற்கிறோம். மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரில், மாங்கனீசும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த உலோக உருண்டைகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. உருளைக்கிழங்கு அளவு உருண்டை. பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கடலடி சல்பைடு மேடுகளுக்கும் 2016-இல் தனி ஒப்பந்தம் போட்டார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 என்ற டைட்டானியக் கோளத்தைச் செய்துவருகிறது. அது இறங்குகிற நாளில் நான் நிச்சயம் பள்ளிக்கு விடுப்புப் போடுவேன். தமிழ் பேசுகிற ஒருவர் அந்த ஜன்னல் வழியாகக் கடல் பன்றியைப் பார்த்து என்ன சொல்வார் என்று கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கோளத்துக்குப் பின்னாலேயே உருண்டை பொறுக்கும் இயந்திரமும் வரும் என்பதை மறந்துவிட்டுக் கைதட்ட முடியவில்லை.

ஏனென்றால் இந்தக் கதையின் நில வடிவத்தை நாங்கள் பார்த்துவிட்டோம். முதலில் வேலை வரும், காசு வரும், தெருவுக்கு ஒரு மாடி வீடு எழும். கழிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பிறகு கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும், பாலாற்றங்கரையில் தென்னை காய்க்காது, ஊர் ஓரத்தில் குரோமியக் கழிவு மலையாகக் கிடக்கும். அந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போட்டது, பட்டப்படிப்புக்குப் பணம் கட்டியது. நானும் முட்டை நாற்றத்தைத் தின்று வளர்ந்தவள்தான். அதனால் தொழிற்சாலையை மூடு என்று கோஷம் போடுகிறவர்களோடும் என்னால் முழு மனதாகச் சேர முடிந்ததில்லை. சட்டையைத் தனி வாளியில் ஊறப்போடுகிற வீடு எங்களுடையது. இரண்டு பக்கமும் தெரியும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம், தோல் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. கேடு நேரும் என்பதற்கு முழு அறிவியல் நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருக்காதே, முன்கூட்டியே தடு என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அதைச் சுருக்கமாக வேலூர் வழக்கு என்பார்கள். 2011-இல் கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தின் கடலடிப் பிரிவு ஓர் ஆலோசனைக் கருத்து வழங்கியது. ஆழ்கடலில் சுரங்கம் தோண்ட ஒரு நிறுவனத்துக்குப் பின்னால் நிற்கும் நாடு, முன்னெச்சரிக்கை அணுகுமுறையைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. இரும்புக்கால் நத்தைக்காக யாராவது வாதாடும்போது எடுத்து வைக்கும் அதே வாதத்தை, நத்தையைக் கண்டுபிடிப்பதற்கு ஐந்து வருடம் முன்னால், கடல் இல்லாத எங்கள் ஊர்க்காரர்கள் டில்லியில் போய் வென்றிருக்கிறார்கள். வசைப் பட்டியலுக்குப் பதிலாக இதை யாராவது பஸ் நிலையத்தில் எழுதி வைக்கலாம்.

நைனா ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் செல்பேசியில் குழாய்ப் புழுவின் வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். சிவப்புக் கொண்டைகள் வெந்நீரில் அசைந்துகொண்டிருந்தன.

"அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, பாப்பா?"

"சல்பைடு, நைனா. நீங்கள் தொட்டியில் போடுவீர்களே, அந்த நாற்றம்தான்."

"எவ்வளவு?"

இவ்வளவு வருடத்தில் எந்த மாணவியும் இப்படிக் கேட்டதில்லை. நம்மைப் போன்றவர்கள் தாங்க முடியாத அளவு என்றேன். தலையாட்டினார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். பார்த்துக்கொண்டே, "இதற்கு மூக்கு உண்டா?" என்றார்.

"மூக்கும் இல்லை, வாயும் இல்லை. எல்லா வேலையையும் ரத்தம்தான் செய்கிறது."

"ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலா?"

"சிந்தாமல்."

"தொழில் தெரிந்தவன்" என்று சொல்லிச் செல்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று அம்மா கூப்பிட்டதும் மோட்டாரை நிறுத்த எழுந்து போனார்.